வெளிநாட்டில் இரவு வெளியே போகும் பிள்ளைகள்: வயது, நேரம், பாஸ்போர்ட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழக்கரை, ஏர்வாடி, தேவிபட்டினம், தொண்டி, மண்டபம் என்று ராமநாதபுரம் மாவட்டத்தின் இந்தக் கரையோர ஊர்களில் வெளிநாடு போன ஆள் இல்லாத வீடு குறைவு. முன்பெல்லாம் சபுராளி, அதாவது வெளிநாடு போனவர், என்றால் வேலைக்குப் போன வாப்பாவோ (அப்பா) காக்காவோதான் (அண்ணன்). இப்போது காலேஜ் முடித்த பையன்கள் நாலைந்து பேர் சேர்ந்து பாங்காக், கோலாலம்பூர் என்று சுற்றிப் பார்க்கக் கிளம்புகிறார்கள். படிக்கப் போகும் பிள்ளைகளும் கூடிவிட்டார்கள். டிக்கெட், விசா, பெட்டி எடை எல்லாம் சத்தமாகக் கேட்பவர்கள், ராத்திரி வெளியே போவதைப் பற்றி மட்டும் குரலைத் தாழ்த்தித்தான் கேட்பார்கள். அந்தக் கேள்விகள் இங்கே. குடிக்கவே குடிக்காத பிள்ளையும் மாட்டிக்கொள்ளும் விதிகள் இதில் பாதி உண்டு, அதனால் "நமக்கு எதற்கு" என்று யாரும் தள்ள வேண்டாம்.

18 முடிந்துவிட்டால் எல்லா நாட்டிலும் பெரிய ஆள்தானே?

இல்லை. ஓட்டுப் போடும் வயது வேறு, இரவு விடுதி வாசலில் கேட்கும் வயது வேறு. நம் நாட்டுக்குள்ளேயே தமிழ்நாட்டில் மது வாங்க 21, கேரளாவில் 23, புதுச்சேரியில் 18. வெளியே போனால் இன்னும் சிதறும். சிங்கப்பூர், ஹாங்காங், இங்கிலாந்து, ஆஸ்திரேலியா 18. தாய்லாந்து, ஜப்பான், ஐஸ்லாந்து 20. மலேசியா, இலங்கை, இந்தோனேசியா, துபாய், அமெரிக்கா 21. ஜப்பானில் 2022 ஏப்ரல் 1 முதல் 18 வயதிலேயே சட்டப்படி மேஜர். ஆனால் மதுவுக்கும் சிகரெட்டுக்கும் 20 என்பதை அவர்கள் தொடவே இல்லை. தென்கொரியாவில் பிறந்த நாளையே பார்ப்பதில்லை: 19 வயது நிறையும் ஆண்டின் ஜனவரி 1 வந்தால் போதும்.

உள்ளே நுழையும் வயதும் வாங்கும் வயதும் ஒன்றா?

பல இடங்களில் ஒன்றல்ல. சிங்கப்பூரையே எடுத்துக்கொள்ளுங்கள். மது வாங்க 18. சிகரெட்டுக்கு 2021 ஜனவரி 1 முதல் 21. கேசினோவுக்கு 21. இதற்கு மேல் சில நைட் கிளப்புகள் தாங்களாகவே ஆண்களுக்கு ஒரு வயது, பெண்களுக்கு ஒரு வயது என்று கூட்டி வைத்திருக்கும். "சட்டம் 18 என்கிறதே" என்று வாசலில் நிற்கும் பவுன்சரிடம் வழக்காடிப் பயனில்லை. சட்டத்துக்கு மேலே கூட்டிக்கொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு, குறைக்கத்தான் உரிமை இல்லை. தாய்லாந்தில் மதுவை வாங்க மட்டுமல்ல, அந்த மாதிரி இடங்களுக்குள் கால் வைக்கவே 20 ஆகியிருக்க வேண்டும். "நான் கோக்தான் குடிப்பேன்" என்றாலும் 19 வயதுப் பையன் வெளியேதான்.

ஊரடங்கு என்று போட்டிருக்கிறதே, நம் மாவட்டத்து 144 மாதிரியா?

செப்டம்பர், அக்டோபர் வந்தால் 144 போட்டுப் பழகிய மாவட்டம் என்பதால் நம் ஆட்கள் இப்படிக் கேட்பது நியாயம்தான். வெளிநாட்டில் அந்த ஒரே சொல்லுக்குள் மூன்று விஷயம் கலந்து கிடக்கிறது.

முதலாவது, வயதை வைத்துப் போடும் நேரக் கட்டுப்பாடு. அமெரிக்காவில் இது நகரத்துக்கு நகரம் மாறும்: 17 அல்லது 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் ராத்திரி 10, 11 மணிக்கு மேல் பெரியவர் துணையில்லாமல் பொது இடத்தில் திரியக் கூடாது. சில ஊர்களில் விதியே கிடையாது. ஜப்பானில் மாகாண விதிகளின்படி 18-க்குக் கீழே உள்ளவர்களுக்கு இரவு 11 முதல் விடிகாலை 4 வரை இதே கதை. கரோக்கே அறையில் பாடிக்கொண்டிருந்தாலும் எழுப்பி அனுப்புவார்கள். ஐஸ்லாந்தில் 12 வயது வரை உள்ள குழந்தைகள் குளிர்காலத்தில் இரவு 8 மணிக்கு மேலும், 13 முதல் 16 வரை உள்ளவர்கள் 10 மணிக்கு மேலும் தனியாக வெளியே நிற்கக் கூடாது. கோடையில் இரண்டு மணி நேரம் கூடுதல். சூரியன் மறையாத ஊர் என்பதால் அந்தச் சலுகை போலும்.

இரண்டாவது, கடை மூடும் நேரம். இதற்கு வயது கிடையாது, எல்லாருக்கும்தான். ஆஸ்திரேலியாவின் சிட்னியில் 2014 முதல் சில ஆண்டுகள் நகர மையத்தில் ராத்திரி 1.30-க்கு மேல் எந்த பாரிலும் புதிதாக நுழைய முடியாது என்று வைத்திருந்தார்கள். சிகரெட் பிடிக்க வெளியே வந்தவன் வெளியேயே நின்றான். 2021 மார்ச்சுக்குள் அது முழுதாகப் போய்விட்டது. பழைய பயணக் குறிப்புகளில் மட்டும் இன்னும் உலவுகிறது.

மூன்றாவதுதான் நம் 144-க்குப் பக்கத்தில் வரும் நிஜ ஊரடங்கு. இலங்கையில் 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகும், 2022 பொருளாதார நெருக்கடியின் போதும் போட்டார்கள். அப்போது சுற்றுலாப் பயணி, உள்ளூர்க்காரர் என்ற பேச்சே இல்லை. விமான நிலையம் போக வேண்டியவர்கள் டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் கையில் வைத்துக்கொண்டு சோதனைச் சாவடியில் காட்டிக் காட்டிப் போக வேண்டும். இப்படி ஒரு நாளில் மாட்டினால் ஹோட்டலை விட்டு இறங்காதீர்கள். வரவேற்பறையில் இருப்பவருக்குத்தான் எந்தச் சாலை திறந்திருக்கிறது என்று தெரியும்.

சிங்கப்பூரில் லிட்டில் இந்தியாவில் சனி, ஞாயிறு நம் ஆட்கள் கூடுவார்களே, அங்கே என்ன விதி?

நம் பக்கத்துப் பிள்ளைகள் நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டிய இடம் இது. 2013 டிசம்பர் 8-ஆம் தேதி அங்கே பேருந்து மோதித் தமிழகத் தொழிலாளி ஒருவர் இறந்துபோக, கூட்டம் கொதித்துக் கலவரமானது. நீதிமன்றத்துக்குப் போனவர்கள் ஒரு பக்கம் இருக்க, வழக்கே இல்லாமல் ஊருக்கு அனுப்பப்பட்டவர்கள் மட்டும் 50-க்கு மேல். அதன் பின்னால் 2015-இல் மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. நாடு முழுவதும் இரவு 10.30 முதல் காலை 7 வரை பொது இடத்தில் குடிக்கக் கூடாது, கடையில் வாங்கிப் போகவும் முடியாது. லிட்டில் இந்தியாவும் கேலாங்கும் தனிக் கட்டுப்பாட்டுப் பகுதிகள்: சனிக்கிழமை காலை 7 முதல் திங்கள் காலை 7 வரை தெருவில், திடலில், அடுக்குமாடிகளின் கீழ்த்தள வெற்றிடத்தில் குடிப்பது முழுக்கத் தடை. பொது விடுமுறைகளுக்கும் இப்படியே. உரிமம் பெற்ற கடைக்குள் உட்கார்ந்தால் அது வேறு.

உள்ளூர்ப் பையனுக்கு அபராதத்தோடு முடியும் காரியம் வெளிநாட்டுப் பையனுக்கு விசாவில் போய் முடியும். இந்தப் பக்கம் முழுக்க நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டிய நூல் அதுதான். "அங்கே எல்லாரும் செய்கிறார்கள் மச்சான்" என்று சொல்பவனிடம், அவன் அந்த நாட்டு அடையாள அட்டை வைத்திருப்பவனா என்று முதலில் கேளுங்கள்.

இன்னொன்று: வேப் என்கிற இ-சிகரெட். சிங்கப்பூரில் 2018 முதல் அதை வைத்திருப்பதே குற்றம், வயது எதுவானாலும். 2025 செப்டம்பரில் தண்டனையை இன்னும் இறுக்கிவிட்டார்கள். திரும்பத் திரும்பச் சிக்கும் வெளிநாட்டவர் நாட்டை விட்டு அனுப்பப்பட்டு, மறுபடி நுழைய முடியாமல் போகலாம். தாய்லாந்திலும் இ-சிகரெட் சட்டவிரோதம். பாங்காக் தெருவில் பரப்பி வைத்து விற்கிறார்களே என்றால், விற்பதைப் பார்த்து வாங்கியவர்களைத்தான் போலீஸ் ஓரம் கட்டுகிறது.

மலேசியாவில் 18 என்று மாமா சொன்னார். நீங்கள் 21 என்கிறீர்களே?

மாமா போன காலத்தில் 18-தான். 2017 டிசம்பர் 1 முதல் 21 ஆக்கிவிட்டார்கள். மலையில் இருக்கும் கெந்திங் கேசினோவுக்கும் 21.

முஸ்லிம் பிள்ளைகளுக்கு அங்கே இரண்டாவது சட்டம் ஒன்று உண்டு, இதை வீட்டில் யாரும் சொல்லி அனுப்புவதில்லை. மாநிலந்தோறும் ஷரியா குற்றச் சட்டங்கள் இருக்கின்றன. வயது 40 ஆனாலும் முஸ்லிம் குடித்தால் குற்றம். 2009-இல் பகாங் மாநில ஷரியா நீதிமன்றம் பீர் குடித்த ஒரு பெண்ணுக்குப் பிரம்படி விதித்தது. மறு வருடம் அது சமூக சேவையாக மாற்றப்பட்டது. மணமாகாத ஆணும் பெண்ணும் மூடிய அறையில் தனித்திருப்பதும் 'கல்வத்' என்ற பெயரில் குற்றம். மாநில மதத் துறை ஆட்கள் ஹோட்டல் கதவைத் தட்டுவது நடக்கிற விஷயம். நண்பர் கூட்டத்தில் முஸ்லிம், இந்து, கிறிஸ்தவர் கலந்துதான் போவீர்கள். ஒரே மேசையில் உட்கார்ந்தாலும் சட்டம் ஆளுக்கு ஆள் வேறாகப் பேசும் என்பதை நினைவில் வையுங்கள்.

துபாய் ரொம்ப ஃப்ரீ என்கிறார்களே?

துபாய் அளவுக்கு. உரிமம் பெற்ற ஹோட்டல், பார்களில் 21 ஆனவர்களுக்கு மது கிடைக்கும், நைட் கிளப் நுழைவும் 21-தான், அசல் அடையாள அட்டை கேட்பார்கள். ஆனால் நம் ஊர்ப் பையன்களில் பலருக்குத் துபாயின் தேரா பகுதியில் வேலை, வாடகை குறைவு என்று ஷார்ஜாவில் படுக்கை. ஷார்ஜா மது அறவே இல்லாத எமிரேட், அதாவது அமீரகத்துக்குள் தனி ஆட்சிப் பகுதி. நடுவில் ஒரு சாலைதான், சட்டம் தலைகீழ். பாட்டிலோடு டாக்ஸியில் ஏறுவதும், தள்ளாடிக்கொண்டு இறங்குவதும் எந்த எமிரேட்டில் நடக்கிறது என்பதைப் பொறுத்து விதி மாறும். குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதற்கு நாடு முழுவதும் துளி அளவும் விலக்கு இல்லை. சவுதிப் பயணிக்கும் குவைத் பயணிக்கும் பதில் ஒரே வரி: மது கிடையாது, டியூட்டி ஃப்ரீ பையில் கூட.

தாய்லாந்துக்கு குரூப் டூர் போகிறோம். முக்கியமாக என்ன?

20 வயது விதி மேலே வந்துவிட்டது. கூட்டத்தில் ஒருவனுக்கு 19 என்றால் ராத்திரித் திட்டத்தை அவனை வைத்துப் போடுங்கள், அவனை அறையில் விட்டுவிட்டுப் போவது நல்ல நட்பாகத் தெரியவில்லை. பாங்காக், புக்கெட், பட்டாயா, சியாங் மாய் போன்ற இடங்களில் 2023 டிசம்பர் முதல் உரிமம் பெற்ற இரவு விடுதிகள் விடிகாலை 4 வரை திறந்திருக்கலாம். கடைகளில் நள்ளிரவு முதல் காலை 11 வரை மது விற்பனை இல்லை; புத்த புனித நாட்களுக்குத் தனிக் கட்டுப்பாடு. கிளப்பில் போலீஸ் சோதனை வந்தால் உள்ளே இருப்பவர்களிடம் சிறுநீர்ச் சோதனை எடுப்பதும் உண்டு.

கஞ்சா பற்றி ஒரு எச்சரிக்கை. 2022-இல் தளர்த்தினார்கள், 2025-இல் மருத்துவச் சீட்டு வேண்டும் என்று மறுபடி இறுக்கினார்கள். கடைப் பலகையைப் பார்த்து அனுமதி என்று எண்ண வேண்டாம். சிங்கப்பூர் நிரந்தரவாசி அட்டை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இன்னும் பெரிய வம்பு: பாங்காக்கில் புகைத்தது சிங்கப்பூரில் இறங்கியதும் சோதனையில் தெரிந்தால், அங்கேயே புகைத்த மாதிரிதான் வழக்கு.

இலங்கை, மாலத்தீவு?

இலங்கையில் 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி மதுவும் சிகரெட்டும் விற்க வாங்குபவருக்கு 21 ஆக வேண்டும். பௌர்ணமி போயா நாட்களில் மது விற்பனை கிடையாது. மாலத்தீவில் சுற்றுலா விடுதித் தீவுகளில் கிடைக்கும், மக்கள் வாழும் தீவுகளில் கிடையாது. பெட்டியில் கொண்டுபோனால் விமான நிலையத்திலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

மகளுக்கு 17. ஜெர்மனியில் உறவினர் வீட்டுக்குப் போகிறாள். இரவு நிகழ்ச்சிக்கு அழைத்தால் போகலாமா?

ஜெர்மனியின் இளைஞர் பாதுகாப்புச் சட்டம் இதை விவரமாகவே சொல்கிறது. 16, 17 வயதுக்காரர்கள் நடன விடுதியில் தனியாக நள்ளிரவு 12 வரை இருக்கலாம். 16-க்குக் கீழே என்றால் பெற்றோரோ பொறுப்பாளரோ கூட இருக்க வேண்டும். 12-க்கு மேலும் இருக்க வேண்டுமானால் ஒரு வழி உண்டு: 18 முடிந்த ஒருவரைப் பொறுப்பாளராகக் குறித்துப் பெற்றோர் எழுதித் தரும் கடிதம். அதில் மகள் பெயர், பிறந்த தேதி, கூடப் போகிறவர் பெயர், எந்த நாள், எந்த இடம், உங்கள் தொலைபேசி எண், கையெழுத்து. உங்கள் அடையாள அட்டை நகலையும் சேர்த்து வைப்பது வழக்கம். கடிதத்தை ஏற்பதும் மறுப்பதும் விடுதிக்காரர் விருப்பம். நள்ளிரவில் உங்கள் எண்ணுக்குக் கூப்பிட்டுக் கேட்கவும் கேட்பார்கள், அப்போது இங்கே விடிகாலை மூன்றரையோ நாலரையோ ஆகியிருக்கும்; போனை அணைத்துவிட்டுப் படுக்காதீர்கள்.

அந்தக் கடிதம் நேரத்தை மட்டும்தான் நீட்டும். அங்கே பீருக்கும் ஒயினுக்கும் 16, காரமான மதுவுக்கு 18. கடிதம் இருப்பதால் இதில் எதுவும் மாறாது.

படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு இங்கிலாந்தும் அமெரிக்காவும் எப்படி?

இங்கிலாந்தில் 18. ஆனால் பார்க்க 25-க்குக் கீழே தெரிந்தாலே ஐடி கேட்பது அங்கே கடைக்காரர்களின் வழக்கம். அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தாடி வைத்திருந்தால் தப்பிக்கலாம் என்பதெல்லாம் ஹாஸ்டல் கதை.

அமெரிக்கா கடுமை. 21 என்பது 1984-ஆம் ஆண்டுச் சட்டத்தால் எல்லா மாநிலங்களிலும் நிலைத்தது. இளங்கலை படிக்கப் போகும் பிள்ளை முதல் மூன்று வருடம் சட்டத்துக்கு வெளியேதான். போலி ஐடி அங்கே மாணவர்களிடையே சகஜம் என்பது உண்மை. அது கிரிமினல் குற்றம் என்பதும் உண்மை. குடித்துவிட்டு வண்டி ஓட்டிக் கைதானால், தீர்ப்பு வரும் முன்பே மாணவர் விசாவை ரத்து செய்யும் அதிகாரம் அமெரிக்க வெளியுறவுத் துறைக்கு இருக்கிறது. கூடப் படிக்கும் அமெரிக்கன் அபராதம் கட்டிவிட்டு அடுத்த செமஸ்டருக்கு வருவான்.

ஆதார் காட்டினால் ஏற்பார்களா? பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு திரியப் பயமாக இருக்கிறது.

ஆதார், பான், காலேஜ் அட்டை, போனில் இருக்கும் படம் எதுவும் வாசலில் செல்லாது. செல்வது பாஸ்போர்ட். ஜப்பானிலும் ஹாங்காங்கிலும் அடையாள ஆவணத்தை எப்போதும் கையில் வைத்திருப்பது சட்டக் கடமையே. மலேசியாவிலும் வழியில் இமிகிரேஷன் சோதனை வரும். பின் பாக்கெட்டில் வைக்காமல் உள்பையில் வையுங்கள். முதல் பக்கத்தையும் விசாப் பக்கத்தையும் நகல் எடுத்து அறையில் ஒன்று, வீட்டில் ஒன்று. படிக்கப் போனவர்கள் அந்த நாட்டு மாணவர் குடியிருப்பு அட்டை கிடைத்ததும் அதைப் பயன்படுத்தலாம்.

சின்ன விஷயம், ஆனால் வாசலில் அடிக்கடி தடுமாற வைப்பது: நம் பாஸ்போர்ட்டில் நாள், மாதம், வருடம் என்ற வரிசை. அமெரிக்காவில் மாதம்தான் முதலில். 05/11/2004 என்பதை நாம் நவம்பர் 5 என்போம், வாசலில் நிற்பவர் மே 11 என்பார். பிறந்த நாளை ஒட்டிப் போகிறவர்கள் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

இங்கே பள்ளியில் சேர்க்கும்போது வயதை முன்னே பின்னே போட்டிருப்பார்கள், அந்தத் தேதியே பாஸ்போர்ட்டிலும் ஏறியிருக்கும். உம்மா சொல்லும் வயது 21, பாஸ்போர்ட் சொல்வது 20 என்றால் அங்கே நீங்கள் 20-தான்.

பெண் பிள்ளைகளுக்குத் தனியாக ஏதாவது?

சட்டத்தில் வயது ஒன்றே. லேடீஸ் நைட் என்று இலவசமாக விட்டாலும் துபாயில் 21 என்பது 21-தான். மற்றபடி ஆண், பெண் இருவருக்கும் சொல்வது: கோப்பையை மேசையில் விட்டுவிட்டு ஆடப் போகாதீர்கள், விட்டால் அதைத் திரும்ப எடுக்காதீர்கள். விலை மலிவான, மூடி உடைத்த பாட்டில் மது வேண்டவே வேண்டாம். 2024 நவம்பரில் லாவோஸ் நாட்டின் வாங் வியெங்கில் மெத்தனால் கலந்த மதுவால் வெளிநாட்டுப் பயணிகள் 6 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் இருபது வயதை ஒட்டிய இளைஞர்கள். கள்ளச்சாராயம் நம் ஊரில் மட்டும் இருப்பதல்ல.

18 ஆகாத தம்பியையும் கூட்டிப் போகலாமா?

இரவு விடுதியை மறந்துவிடுங்கள், அறையே பிரச்சினை. பல ஹோட்டல்கள் 18 ஆன ஒருவர் பெயரில்தான் அறை தரும், அமெரிக்காவில் 21 கேட்கும் ஹோட்டல்களும் நிறைய. பொது அறை விடுதிகள் சிலவற்றில் 18-க்குக் கீழே சேர்ப்பதே இல்லை. பெற்றோர் இருவரும் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம், அவர்கள் பாஸ்போர்ட் நகல், பிறப்புச் சான்றிதழ் மூன்றும் கையில் இருக்கட்டும்.

மாட்டிக்கொண்டால் முதலில் என்ன செய்வது?

ஓடாதீர்கள், லஞ்சம் நீட்டாதீர்கள், புரியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். இந்தியத் தூதரகத்துக்குத் தெரிவிக்கச் சொல்லுங்கள். 1963-ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தப்படி அது உங்கள் உரிமை. தூதரகம் வழக்கை இல்லாமல் ஆக்காது, அபராதமும் கட்டாது. வந்து பார்க்கும், வழக்கறிஞர் தேட உதவும், வீட்டுக்குத் தகவல் தரும். பயணக் காப்பீடு இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். குடித்திருந்தபோது நடந்த விபத்துக்குப் பணம் தராது என்ற வரி பெரும்பாலான பாலிசிகளில் பொடி எழுத்தில் இருக்கும்.

போலீஸ் எண்கள்: சிங்கப்பூர், மலேசியா, ஹாங்காங், அமீரகம், இங்கிலாந்து 999, தாய்லாந்தில் சுற்றுலாப் போலீஸ் 1155, இலங்கை 119, ஜப்பான் 110, அமெரிக்கா 911, ஐரோப்பிய நாடுகள் 112. இந்தியத் தூதரக எண்ணைப் போனில் மட்டும் வைக்காமல் தாளிலும் எழுதிப் பாஸ்போர்ட் உறைக்குள் செருகுங்கள். காவல் நிலையத்தில் போனை முதலில் வாங்கி வைத்துவிடுவார்கள்.